குருசுமுத்து அடித்த கோலைக் கண்டவர்கள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிரஷர்க் குளிசை எடுக்க ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குப் போய், நம்பர்த் துண்டோடு வாங்கிலில் இருந்தபோது, எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பேர் கதைத்ததில் இருந்து எடுத்தது.

ஒருவர் சொன்னார்: "நீர் குப்புறக் கிடந்தனீர். பேந்தென்னெண்டு கண்டனீர்?"

மற்றவர் சொன்னார்: "கண்டனான் எண்டால் கண்டனான்."

அவ்வளவுதான். திரும்பிப் பார்ப்பதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போய்க் கையை நீட்டினால், பிரஷர் கூடியிருக்கிறதாம். கூடாமல் என்ன செய்யும்? ஒரு மனிசன் ஏன் குப்புறக் கிடந்தான், கிடந்துகொண்டு எதைக் கண்டான் என்று தெரியாமல் எப்படி ஆறுதலாக இருக்கிறது? வெளியில் வந்து பார்த்தால் அந்த வாங்கிலில் ஒருவரும் இல்லை. ஆகவே மிச்சத்தை நான்தான் உண்டாக்க வேண்டி வந்தது.

ஊருக்குச் சங்குமுனை என்று பேர் வைத்திருக்கிறேன். ஊர்காவற்றுறைப் பக்கம் தேடாதேயுங்கோ, கிடைக்காது. கழகத்துக்குக் கடற்காகம் விளையாட்டுக் கழகம் என்று பேர். பந்தடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது பந்து ஒன்று, ஆட்கள் இருபத்திரண்டு, சண்டை எண்ணிக்கை இல்லை என்பது மட்டும். கூடத் தெரிந்தவர்கள் பிழை கண்டால் பக்கத்தில் பென்சிலால் திருத்திவிட்டு வாசியுங்கோ. நான் கோவிக்க மாட்டேன்.

2

மூன்று தரம் தொடங்கினேன். மூன்றையும் இங்கேயே விட்டிருக்கிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

சங்குமுனைக் கடற்கரையில் அந்தி சாயும் வேளை, பொன்னிறக் கதிர்கள்

(இல்லை. பொன்னிறக் கதிர்கள் வந்த கதை ஒன்றையும் நான் முடிவுவரை வாசித்ததில்லை. உங்களை மட்டும் வாசி என்று சொல்வது நியாயமில்லை.)

சில்வெஸ்ரர் தன் வாழ்நாளில் ஒரேயொரு பொய்தான் சொன்னார்

(இதுவும் சரிவராது. அவர் கடற்தொழில் செய்கிறவர். எங்கே மீன் பட்டது என்று மற்ற வள்ளக்காரர் கேட்டால் கிழமைக்கு இரண்டு பொய்யாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.)

சுவரில் பதினொரு சதுரம் இருந்தது.

இது பரவாயில்லை. இதிலேயே ஏறிப் போவோம்.

3

சுவரில் பதினொரு சதுரம் இருந்தது. கடற்காகம் தொடங்கி அறுபது வருசம் ஆனதற்காக மைதானத்துக் கரையில் உடுப்பு மாற்றுகிற அறை ஒன்று கட்டினார்கள். அதன் முன்சுவரில் கழகத்தின் ஜாம்பவான்களுடைய படத்தை வைக்கிறது என்று கூட்டத்தில் தீர்மானம். எத்தனை ஜாம்பவான் என்று முடிவெடுக்க முதலே மேசன் சீமெந்தால் சட்டம் இழுத்துப் பதினொரு சதுரம் பூசிவிட்டான். கேட்டால், "பந்தடி எண்டால் பதினொரு பேர்தானே" என்றான். அவனோடு என்ன கதைக்கிறது? சீமெந்தும் இறுகிவிட்டது.

(ஜாம்பவான் என்ற சொல்லில் எனக்கு முழுத் திருப்தி இல்லை, கரடி ஞாபகம் வருகிறது. வேறு ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில், சண்டையில் செத்தவர்களின் கல்லறைகளில், வேறு வேலை இருக்கிறது, அதை இந்த விளையாட்டுக்குள் இழுக்கக் கூடாது. ஜாம்பவானே இருக்கட்டும்.)

மைதானத்தை ஒட்டி மேரிஜோசப்பினின் தேத்தண்ணிக் கடை. பின்னேரம் நாலு மணிக்கு ஆதரவாளர்கள் அங்கேதான் கூடுவார்கள். மூன்று கிழமையாக ஒரே கதை, யார் ஜாம்பவான், யார் வெறும் விளையாட்டுக்காரன். செயலாளர் நிசாந்தன் கையில் ஒரு சீ.ஆர். கொப்பியோடு இருப்பான். முப்பத்திரண்டு வயது, பிரதேச சபையில் கிளாக்கர், தான் பிறக்க முதல் நடந்த மட்சுகளுக்கெல்லாம் அவன்தான் குறிப்பெடுக்கிறவன்.

"லியோன் அண்ணை பாரிசில இருந்து கழக வட்ஸ்அப் குறூப்பில திரும்பவும் வொயிஸ் போட்டிருக்கிறார்" என்றான் நிசாந்தன். "நாலரை நிமிசம்."

"என்னவாம்?" என்றார் சில்வெஸ்ரர்.

"தன்னை ஏன் சேர்க்கேல்லை எண்டு கேக்கிறார். வருசாவருசம் ஜேர்சி அனுப்புறாராம்."

"ஜேர்சி அனுப்பினவன் ஜாம்பவான் எண்டால், பந்து வித்த கடைக்காரனுக்கும் ஒரு சதுரம் குடுக்க வேணும். அவன் விளையாடினதே ரெண்டு வருசம். அதில ஒண்டரை வருசம் றெபரி வெளியில விட்டது."

"அண்ணை, அவர் இந்தக் குறூப்பிலதான் இருக்கிறார்."

"இருக்கட்டும். இதையும் வொயிசில போடு."

சில்வெஸ்ரருக்கு அறுபத்திரண்டு வயது. ஒருநாளும் கடற்காகத்துக்கு விளையாடியதில்லை. ஆனால் அவருடைய தொண்டை இல்லாமல் கடற்காகம் ஒரு மட்சும் விளையாடியதில்லை. எதிரணிக்காரன் மூலையில் இருந்து கோணர் அடிக்க வந்தால், அவன்ர மாமன் முறைப் பேரைச் சொல்லிச் சுகம் விசாரிப்பார். அவன் பந்தை மறந்துவிட்டு யோசிப்பான்.

அளவுகோல் பலது வந்தது. பத்து வருசம் விளையாடியிருக்க வேணும் என்றார்கள் சிலர். வெறுங்காலோடு விளையாடினவர்களை மட்டும் எடுப்போம் என்றார்கள் வேறு சிலர். கடைசியில் மேரிஜோசப்பின் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னா:

"கடற்காகத்துக்கு இருநூறு பேர் விளையாடியிருப்பினம். ஆர் பந்தை எடுத்தால் நான் அடுப்பை நூத்துப்போட்டு, கடையையும் பூட்டிப்போட்டு வந்து லைனில நிண்டனான்? ஏழு பேர். பேரை எழுது தம்பி."

ஏழு பேரும் உடனே எழுதப்பட்டார்கள். அதற்கு மேல் ஒரு அளவுகோல் ஒருவரிடமும் இருக்கவில்லை. அடுத்த மூன்று பேருக்கு மூன்று கிழமைச் சண்டையும் இரண்டு பிளேன்ரீ கிளாசும் செலவாகின. பதினோராவது சதுரத்தில்தான் இந்தக் கதை வந்து நிற்கிறது.

"குருசுமுத்து" என்றார் சில்வெஸ்ரர்.

"அவன் விளையாடினதுக்கு நான் கடை பூட்டேல்லை அண்ணை" என்றா மேரிஜோசப்பின். "அவன் பின்னுக்கு நிண்டு பந்தைக் கடலுக்க அடிக்கிறவன். அவனாலதான் எங்களுக்குப் பந்து தட்டுப்பாடு."

"எண்பத்தாறு பைனல்?"

 எண்பத்தாறு பைனல் என்றால் சங்குமுனையில் யாரும் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. தீவுப்பகுதிக் கிண்ணம் கடற்காகத்துக்குக் கிடைத்த ஒரேயொரு தரம் அதுதான். குருசுமுத்து தன் ஆயுளில் அடித்த ஒரேயொரு கோலும் அதுதான். அவருடைய வள்ளத்தில் பேர் இல்லை, 86 என்று இலக்கம்தான் எழுதியிருக்கிறார்.

நிசாந்தன் கொப்பியைப் பிரித்தான். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊர் எழும்பிப் போனபோது கழகத்தின் பதிவுகள், படங்கள், கப் எல்லாம் போய்விட்டன. திரும்பி வந்தவர்களிடம் ஞாபகம்தான் மிச்சம். அதனால் நிசாந்தன் ஒரு விதி போட்டிருந்தான். ஒவ்வொரு ஜாம்பவானுக்கும் ஒரு பக்கம், அடியில் "கண்ணால் கண்டவர்" என்று எழுதி இரண்டு கோடு, இரண்டு பேர் கையெழுத்து. அது இல்லாமல் படம் ஏறாது.

"குருசுமுத்து அண்ணையின்ர கோலை ஆர் கண்டது?"

கடைக்குள் ஒன்பது கை உயர்ந்தது. கொப்பியை நீட்டினால் ஒன்பதும் பின்னுக்குப் போனது. "முதல்ல சில்வெஸ்ரர் வைக்கட்டும். அவர்தானே வடிவாக் கண்டவர். அவருக்குக் கீழ நாங்கள் வைக்கிறம்."

சில்வெஸ்ரர் பேனையை வாங்கினார். சேட்டுப் பையில் கண்ணாடி இருந்தது.

"கண்ணாடி கொண்டரேல்லை" என்றார். "கொப்பியைத் தா, வீட்டை கொண்டுபோய் வைக்கிறன்."

திறப்புவிழா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு. அன்றைக்குச் செவ்வாய்.

4

அந்தக் கோலை நீங்களும் பார்க்க வேண்டும். சில்வெஸ்ரர் சொல்கிறபடியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"எண்பத்தாறு, ஆடி மாசம். சோளகக் காத்து எண்டால் நிக்கிற ஆளைச் சாய்க்கும். சைபருக்குச் சைபர். முடிய நாலு நிமிசம். எங்கட பக்கத்தில இருந்து ஒரு பந்து உயருது. எல்லாரும் பந்தைப் பாக்கினம், நான் குருசுமுத்துவைப் பாக்கிறன். ஏனெண்டால் அவன் தன்ர இடத்தை விட்டிட்டு ஓடுறான். அவன் நடுக்கோடு தாண்டினதை ஊர் காணேல்லை, அண்டைக்குத் தாண்டுறான். பந்து நிலத்தில ஒருக்கால் குத்துது. ரெண்டாந்தரம் குத்த விடேல்லை. வலக்கால். ஒரே அடி. அப்புத்துரையின்ர ரெண்டு காலுக்குமிடையால, திறந்த படலையால கோழி போறமாதிரிப் போச்சுது. அதுக்குப் பிறகுதான் ஹெலி வந்தது."

அப்புத்துரை எதிரணியின் கோல்கீப்பர். பக்கத்து ஊர், நான் வைத்த பேர் ஆலடிப்புலம். அந்தக் கோழியால் அவருக்குப் "படலை" என்று, வேலி வாசற்கதவின் பேரே பட்டமாக வந்தது. தபாற்கந்தோரில் முப்பது வருசம் வேலை செய்து பென்சனும் எடுத்துவிட்டார், பட்டம் மட்டும் ஓய்வு எடுக்கவில்லை.

எழுதும்போது எனக்கே கண்ணுக்குள் தூசி விழுந்தது. உங்களுக்கும் தெரிந்ததா, காற்று, வலக்கால், கோழி? நல்லது. மறந்துவிடாதேயுங்கோ. பிறகு உங்களிடம் ஒன்று கேட்க இருக்கிறது.

5

இனி உண்மையைச் சொல்ல வேண்டும். சில்வெஸ்ரர் அந்தக் கோலைக் காணவில்லை.

(இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அவரில் எனக்கு விருப்பம் வந்துவிட்டது. விருப்பமான ஆளைப் பொய்யனாக்குவது லேசில்லை. அவரை நல்லவராக்கி ஒரு பந்தி எழுதினேன், சர்வோதயச் சுவரொட்டி மாதிரி வந்தது. கிழித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். பந்து உயர்ந்தது சரி. சோளகமும் சரி. பந்து மேலே நிற்கும்போதே ஹெலி, மேலிருந்து சுடுகிற ஆமி ஹெலிகொப்டர், வந்துவிட்டது. தாழப் பறந்து, பனைகளுக்கு மேலால். மைதானத்தில் முந்நூறு பேர். விளையாட்டுக்காரர், றெபரி, பார்க்க வந்தவர்கள், எல்லாரும் நின்ற நின்ற இடத்தில் விழுந்து படுத்தார்கள். முகம் மண்ணுக்குள். அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் செய்யாமல் காரைநகர்ப் பக்கம் போனது.

இருபத்து நாலு வயதுச் சில்வெஸ்ரர் வாயில் மண்ணோடு தலையைத் தூக்கியபோது மூன்று காட்சிகளைக் கண்டார். பந்து வலைக்குள் கிடந்தது. அப்புத்துரை கோல் வாசலில் இரண்டு காலையும் ஒட்டிக்கொண்டு, சுருட்டிக் கட்டிய பாய் மாதிரிக் குப்புறக் கிடந்தார். முந்நூறு பேர் கிடந்த மைதானத்தில் குருசுமுத்து மட்டும் எழும்பி நின்றார்.

றெபரி விசிலில் ஒட்டிய புல்லைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "உது ஆர் அடிச்சது? ஆர் கண்டது?"

ஆட்கள் கண்ணுக்குள் போன மண்ணைத் துடைத்தார்கள்.

"குருசுமுத்து அடிச்சவன். நான் கண்டனான்" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்கு அதுதான் முதல் மட்ச் என்று சொல்லலாம்.

முந்நூறு பேர் எப்படி மறப்பினம், ஹெலி முதலா கோல் முதலா என்று தெரியாமலா போகும் என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. ஆனால் "ஹெலிக்குப் பயந்து நான் மண்ணுக்குள்ள முகத்தை வைச்சுக்கொண்டு கிடந்தனான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல யாருக்கு ஆசை? சில்வெஸ்ரர் சொல்கிற கதையில் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். அந்தக் கதையை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பத்து வருசத்தில் அவரவர் தாங்களே கண்டதாக நம்பியும் விட்டார்கள். ஒருவர் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

6

வியாழக்கிழமை சில்வெஸ்ரருக்கு ஆசுபத்திரியில் சீனி வருத்தக் கிளினிக். வாங்கிலில் இருந்தபோது பக்கத்தில் வந்து இருந்தவர் அப்புத்துரை. வெள்ளை வேட்டி, கையில் மடித்த குடை. (முன் வாங்கிலில் ஒரு கிழவி நம்பர்த் துண்டோடு இருக்கிறா. அவவைக் கவனிக்க வேண்டாம்.)

"சுவர் கட்டியிருக்கிறியளாம்" என்றார் அப்புத்துரை.

"ஓம்."

"குருசுமுத்துவுக்கும் ஒண்டாம். படத்துக்குக் கீழ விபரமும் எழுதுவினமாம். நீர்தான் கையெழுத்தாம்."

"ஊருக்குள்ள ஒரு கதையும் நிக்காது போல."

"தபாற்கந்தோரில இருந்தனான், எனக்கு வராத கதையோ." அப்புத்துரை குடையைத் தரையில் ஊன்றினார். "சில்வெஸ்ரர், நான் சண்டைக்கு வரேல்லை. கோல் உங்களுக்கு. கப் உங்களுக்கு. அதுகும் இப்ப இல்லை. நான் கேக்கிறது ஒண்டுதான். என்ர காலுக்கிடையால போனது எண்டு அந்தச் சுவரில எழுதாதேயும்."

சில்வெஸ்ரர் தன் நம்பர்த் துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"போன மாசம் மூத்தவளுக்குச் சம்மந்தம் கதைக்க வந்தவை. நல்ல சனம், புங்குடுதீவு. வாசலில வந்து நிண்டு, படலை அப்புத்துரை வீடு இதுதானோ எண்டு கேக்கினம். அவைக்கு வேற பேர் தெரியாது. ஹெலி முதல் வந்தது, நான் கிடந்தனான் எண்டு எங்கட ஊரில சொல்லிப் பாத்தன். பந்தை விட்டிட்டு ஹெலியில சாட்டுறன் எண்டு சிரிக்கினம். கிடக்கிறவன்ர காலுக்கிடையால பந்து என்னெண்டு போகும்? நீரே சொல்லும்."

"நான் கண்டது..."

"நீர் குப்புறக் கிடந்தனீர். பேந்தென்னெண்டு கண்டனீர்?"

"கண்டனான் எண்டால் கண்டனான்."

முன் வாங்கில் கிழவியின் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவ எழும்ப மனமில்லாமல் எழும்பிப் போனா. அதனால் அப்புத்துரை அதற்குப் பிறகு சொன்னது எனக்குத் தெரியாது. ஆனால் சில்வெஸ்ரர் அன்றைக்குத் தன் நம்பருக்குக் காத்திராமல் வீட்டுக்குப் போய்விட்டார் என்று எழுதுகிறேன். அப்படித்தான் போயிருப்பார்.

இப்போது அவருடைய நிலைமை உங்களுக்கு விளங்கும். கையெழுத்து வைத்தால் அப்புத்துரை சீமெந்தில் படலையாக நிற்பார். வைக்காவிட்டால் குருசுமுத்து தன் வள்ளத்தில் என்ன எழுதுவது?

7

வெள்ளிக்கிழமை பின்னேரம் குருசுமுத்து கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு 86 பளிச்சென்று இருக்க வேண்டும் என்று. சில்வெஸ்ரர் வந்து பக்கத்தில் குந்தினார். இரண்டு பேரும் முப்பத்தெட்டு வருசத்துக்கு மேலாகச் சேர்ந்து கடலுக்குப் போகிறவர்கள். அந்தக் கோலைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் ஒருநாளும் கதைத்ததில்லை. ஊருக்கு முன்னால் சில்வெஸ்ரர் சொல்வார், குருசுமுத்து நிலத்தைப் பார்த்துச் சிரிப்பார். அடக்கமான மனிசன் என்று ஊர் சொல்லும்.

"டேய்" என்றார் சில்வெஸ்ரர். "அண்டைக்கு எந்தக் காலால அடிச்சனீ?"

"வலக்கால்."

"வடிவாத் தெரியுமோ?"

"நீதானே வலக்கால் எண்டு சொன்னனீ."

பெயின்ற் பிறஷ் எட்டின் மேல்வட்டத்தைச் சுற்றி வந்தது.

"நான் சொன்னது கிடக்கட்டும். உனக்கு என்ன ஞாபகம்?"

குருசுமுத்து பிறஷைத் தகரத்தில் வைத்தார். "உண்மையைச் சொல்லட்டோ? கோவிப்பியோ?"

"சொல்லு."

"எனக்கு மண்தான் ஞாபகம். ஹெலிச் சத்தம் கேட்டு விழுந்து படுத்திட்டன். படுத்த இடத்தில கெண்டைக்கால் பிரட்டிப் பிடிச்சிட்டுது. ஹெலி போயிட்டுதோ இல்லையோ எண்டும் பாக்கேல்லை, நோ தாங்கேலாமல் எழும்பிட்டன். திரும்பினால் பந்து வலைக்குள்ள. நீ கத்துறாய், குருசுமுத்து அடிச்சவன், நான் கண்டனான் எண்டு. கால் அந்தமாதிரி நோகுது. அப்ப நான் அடிச்சிருக்கிறன் போல எண்டு நினைச்சன்."

"நினைச்சனீயோ?"

"அடிக்காத கால் ஏன்டா நோகும்?"

சில்வெஸ்ரர் கடலைப் பார்த்தார். சோளகம் அன்றைக்கும் அடித்தது. யாரோ விட்ட பிளாஸ்டிக் போத்தல் ஒன்று மணலில் தன்பாட்டில் உருண்டு போய், வலைக் குவியலுக்குள் ஏறி நின்றது.

"நீ கண்டனீதானே?" என்று கேட்டார் குருசுமுத்து. "நான் இவ்வளவு காலமும் உன்னை நம்பித்தான் நானே அடிச்சனான் எண்டு இருக்கிறன்."

"மண்ணைத்தான் கண்டனான்" என்றார் சில்வெஸ்ரர்.

 குருசுமுத்துவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சில்வெஸ்ரர் பயந்துபோனார். சிரிப்பு. சில்வெஸ்ரருக்கும் வந்துவிட்டது. இரண்டு கிழடுகள் வள்ளத்தில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்கள்.

சிரித்து முடிந்த பிறகு குருசுமுத்து கேட்டார்: "அப்ப இதை அழிக்க வேணுமோ?"

86 பாதி ஈரமாக இருந்தது.

"முதல்ல காயட்டும்" என்றார் சில்வெஸ்ரர்.

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். எது வேண்டுமோ எடுங்கோ என்று சொல்லலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கிறது.

அ) சில்வெஸ்ரர் கையெழுத்து வைக்கிறார். ஒன்பது பேர் அவருக்குக் கீழே வைக்க வரிசையில் நிற்கிறார்கள். எல்லாருக்கும் சந்தோசம். இதை எழுதி முடித்த இரவு, வெள்ளை வேட்டியும் குடையுமாக ஒருவர் என் மனதுக்குள் வந்து வாங்கிலில் இருந்துவிட்டார். பேசவில்லை. எழும்பியும் போகவில்லை.

ஆ) பூசை முடிய, சனத்துக்கு முன்னால் சில்வெஸ்ரர் உண்மையைச் சொல்லி அழுகிறார். (சில்வெஸ்ரர் அழ மாட்டார். நான் அழப் பண்ணிப் பார்த்தேன், மைக்கைப் பிடித்துக்கொண்டு எதிரணியைச் சுகம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.) அதோடு, கோல் பொய் என்றால் கப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கப்பும் இல்லை.

இ) பதினோராவது சதுரத்தில் படத்துக்குப் பதிலாகச் சோளகம் என்று எழுதுகிறார்கள், கோலை அடித்தது அதுதானே. இது வடிவான முடிவு. வடிவாக இருப்பதுதான் எனக்குச் சந்தேகம். காற்றுக்கு ஜேர்சி இலக்கம் இல்லை. காற்றுக்காக மேரிஜோசப்பின் கடை பூட்டினதும் இல்லை, தகரம் பறக்குமே என்று பயந்து பூட்டினதைத் தவிர.

ஈ) அந்த மேசனைக் கூப்பிட்டு ஒரு சதுரத்தை மெழுகிவிடச் சொல்கிறார்கள். அவன்

(வேண்டாம். அவன் வந்தால் பன்னிரண்டாக்கிவிட்டுப் போவான்.)

9

ஆகவே முடிவை விட்டுவிட்டு, சனிக்கிழமை நாலு மணிக்குக் கடையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சில்வெஸ்ரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். கொப்பியை மேசையில் வைத்தார். நிசாந்தன் பிரித்துச் சத்தமாக வாசித்தான்.

"எண்பத்தாறு பைனலில் ஹெலி வந்தது. எல்லாரும் படுத்தோம், நானும் படுத்தேன். நான் தலையைத் தூக்கியபோது பந்து வலைக்குள் கிடந்தது. யார் அடித்தது என்று காணவில்லை. ஆலடிப்புலம் அப்புத்துரை இரண்டு காலும் சேர்த்துக் கிடந்தார், இடைவெளி இல்லை. முந்நூறு பேரில் முதல் எழும்பி நின்றவர் குருசுமுத்து. இவை மூன்றையும் கண்ணால் கண்டேன்."

கீழே முதல் கோட்டில் அவருடைய கையெழுத்து.

நிசாந்தன் தலையைச் சொறிந்தான். "அண்ணை, இதில கோலைப் பற்றி ஒண்டும் இல்லையே."

"கண்டதை எழுதச் சொன்னனீ. எழுதியிருக்கிறன்."

"எழும்பி நிண்டதுக்கெல்லாம் படம் வைக்கிறதோ?"

"அண்டைக்கு நீ பிறக்கேல்லை தம்பி" என்றார் சில்வெஸ்ரர். "எழும்பிறது என்னெண்டு உனக்குத் தெரியாது."

"எனக்குக் கால் பிரட்டினதடா" என்றார் மூலையில் இருந்த குருசுமுத்து, மெதுவாக.

"நீ சும்மா இரு. உன்ர காலைப் பற்றி ஆரும் கேக்கேல்லை."

நிசாந்தன் மற்றவர்களைப் பார்த்தான். "சரி, ரெண்டாவது சாட்சி ஆர்? குருசுமுத்து அண்ணை எழும்பினதை ஆர் கண்டது?"

ஒன்பது பேரும் இருந்தார்கள். ஒரு கையும் உயரவில்லை. கடைசியில் மேரிஜோசப்பின் கேத்திலை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னா:

"அண்டைக்கு நான் இந்த மேசைக்குக் கீழ கிடந்தனான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. நான் காணேல்லை."

"நானும் மண்ணுக்குள்ளதான்" என்றார் இன்னொருவர். "வாய்க்குள்ள ஒரு சிப்பி போனது" என்றார் மற்றவர். "நான் அண்ணன்ர முதுகில கிடந்தனான்." "அது நீயோ? நான் இவ்வளவு நாளும் ஹெலியில இருந்து என்னவோ விழுந்தது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்." முப்பத்தெட்டு வருசத்துக்குப் பிறகு அந்தக் கடைக்குள் ஒவ்வொருவராக விழுந்து படுத்தார்கள். ஒருவருக்கொருவர் தாங்கள் கிடந்த இடத்தைக் காட்டிக்கொண்டார்கள். அப்படி ஒரு கலகலப்பு அங்கே கன நாளாக இருந்ததில்லை.

ஆனால் இரண்டாவது கோடு வெறுமை. உண்மையைச் சொல்லச் சொல்ல, சாட்சி இல்லாமல் போய்விட்டது.

நிசாந்தன் விதியை மாற்ற மாட்டானாம். கொப்பி மேசையில் திறந்தபடி கிடக்கிறது. நாளைக்குக் காலை ஏழரைக்குப் பூசை. அப்புத்துரைக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள், உறையில் அப்புத்துரை என்று மட்டும் எழுதி. குருசுமுத்து வீட்டுக்குப் போகாமல் கடை வாசலில் நிற்கிறார். வள்ளத்தில் பெயின்ற் காய்ந்துவிட்டது.

நான் போடலாம் என்று பார்த்தேன். ஏலாது. இதையெல்லாம் உண்டாக்கினவளின் கையெழுத்துச் செல்லாது.

ஆனால் பிள்ளையள், நீங்கள் இருக்கிறீர்கள். அஞ்சாம் பகுதியில் ஹெலி வந்தபோது முந்நூறு பேரும் மண்ணுக்குள் முகத்தை வைத்தார்கள். நீங்கள் படுக்கவில்லை. கண் திறந்தபடி வாசித்துக்கொண்டிருந்தீர்கள். வலையையும் கண்டீர்கள், அப்புத்துரையின் காலையும் கண்டீர்கள், குருசுமுத்து எழும்பினதையும் கண்டீர்கள். கேட்க இருக்கிறது என்று முதலே சொன்னேனே, இதுதான்.

பேனை கொப்பிக்குள் இருக்கிறது. ஒருக்கால் உதறிவிட்டு எழுதுங்கோ. மேரிஜோசப்பினின் கடைப் பேனை, முதல் எழுத்துக்கு மை வராது.